பெரியகுளத்திலிருந்து தொட்டாய்

அக்கா, இன்று காலை உன் வீட்டுக்காரர் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தால் உன் கைப்பட்டை. ஒன்றை அழுத்தினால் மற்றது அதிரும் என்று கனடாவில் ஜோடியாக வாங்கி, ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு நீ கட்டியிருந்தது. என்னுடையதைக் கட்டிக்கொண்டு உன்னுடையதை அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டில் விர்ரென்றது. மிஸ்டு கால் வந்த மாதிரிதான் இருந்தது. எரிச்சலில் இரண்டையும் பீரோவுக்குள் போட்டுவிட்டேன்.

அம்மா செத்த அன்று இதே அதிர்வு வேறு மாதிரி இருந்தது. விசா சிக்கலில் உன்னால் வர முடியவில்லை. கேதத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்குத்தான் கண்ணீரே வரவில்லை. "இவ என்னடி, கல்லு கணக்கா நிக்கிறா" என்று பெரியம்மாவே சொன்னாள். அப்போது கையில் விர்ரென்றது. நீதான். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து கதறிவிட்டேன். அத்தனை பேர் கட்டிப்பிடித்தும் வராத அழுகை நீ தொட்டதும் வந்தது.

மறுநாள் போனில் சொன்னாய்: "வந்ததும் உன்னையக் கட்டிப்பிடிச்சு அழணும்டி. அதுவரைக்கும் எனக்குக் கேதம் தீராது." நம் பக்கத்து வழக்கம் அதுதானே. எத்தனை மாதம் கழித்துப் பார்த்தாலும் முதலில் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

வந்தாய். பெரியகுளத்தில் உன் நாத்தனார் கல்யாணத்துக்கு. அங்கிருந்து நம் சின்னமனூர் என்ன தூரம்? நான் அம்மா வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். "கல்யாணம் முடியட்டும்டி. கேத வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு அத்தை சொல்றாக" என்றாய். சரி என்றேன். கல்யாணம் முடிந்ததும், "எல்லாரையும் கொடைக்கானல் கூட்டிட்டுப் போகச் சொல்றாக" என்றாய். அதற்கும் சரி என்றேன். கனடாவுக்குக் கிளம்பும் நாளில் பட்டையை அழுத்திவிட்டுப் போன் செய்தாய்.

"தொட்டேன்ல, தெரிஞ்சுச்சா?"

தெரிந்தது. கையில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கனடாவிலிருந்து அழுத்தினாய், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். பெரியகுளத்தில் இருந்துகொண்டு எவளாவது கூடப்பிறந்தவளுக்குப் பட்டையை அழுத்துவாளா? அன்று கழற்றியதுதான். அதன்பிறகு நீ எத்தனை முறை அழுத்தினாயோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

போன மாதம் நீயும் போய்விட்டாய். உடம்பையும் கனடாவிலேயே எரித்துவிட்டார்கள். உனக்குக் கேதம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "வாய்விட்டு அழுதுரு ஆத்தா" என்றாள் பெரியம்மா. அழுதேன். உனக்காக என்று நினைத்திருப்பாள். அம்மாவுக்காக நாம் சேர்ந்து அழவேண்டியதை ஒருத்தியாக அழுது முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீ உன் பங்கை அழாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதையும் நான்தான் சுமக்கிறேன், அக்கா.