ஆறு மணி விளக்கு

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

போன் வந்து இன்று நாலாவது நாள். கோபி அண்ணை கனடாவிலிருந்து அனுப்பியது; நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் கொடுத்து விட்டிருந்தார். பழைய பட்டன் போன் அலுமாரிக்குள் போயிற்று. வட்ஸ்அப்பில் ‘நமசிவாயம் குடும்பம்’ என்று ஒரு குழு, நாற்பத்திரண்டு பேர். விடிய எழும்பினால் முப்பது காலை வணக்கம். நேற்று எல்லாருக்கும் திரும்ப வணக்கம் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

அண்ணையின் கட்டளை ஒன்றுதான். பின்னேரம் ஆறு மணிக்குச் சாமி அறையில் விளக்கேற்றி அவருக்கு வீடியோ அனுப்ப வேண்டும். “அம்மா போனாப் பிறகு வீடு இருண்டு கிடக்கக்கூடாது பிள்ளை. அதைப் பாத்திட்டுத்தான் நான் வேலைக்கு வெளிக்கிடுறது” என்றார். அங்கே அப்போது காலை எட்டரை. வீடு அவர் பேரில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் நான் அதற்குள் இருக்கிறேன். மறுப்புச் சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் 9, சனி

“மத்தியானம் ரெண்டேகாலுக்குப் போனிலை நிண்டிருக்கிறாய். ஆரோடை கதைச்சனி?”

ஒருவரோடும் இல்லை. முகநூலில் யாரோ பனங்காய்ப் பணியாரம் சுட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அண்ணையிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. நான் கடைசியாக எப்போது பார்த்தேன், செய்தியை வாசித்தேனா இல்லையா — எல்லாம் அவருக்குத் தெரிகிறது. வாசித்தால் இரண்டு சரி அடையாளமும் நீலமாகும். இதை எனக்கு வாங்கித் தந்தாரா, எனக்குக் காவல் வைத்தாரா?

ஆகஸ்ட் 14, வியாழன்

சிரித்து முடியவில்லை. கோப்பாய்ச் சந்தியில் நிவேதனா என்ற பிள்ளை ஒரு கடை நடத்துகிறாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சொன்னால் இங்கே உள்ள உறவுக்காரருக்குக் கேக், பூ, மாலை எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவளுடைய முகநூல் பக்கத்தில் நான் போன கிழமை ஒரு கருத்து எழுதினேன். ‘அன்புடையீர், தங்கள் பூச்செண்டு மிக அழகு. இங்ஙனம், ந. சுபாஜினி, கோப்பாய்.’ கடிதம் என்றால் அப்படித்தானே எழுதுவது! நூற்றுப்பதினாறு பேர் சிரித்துவைத்திருக்கிறார்கள்.

இன்று அவளே தேடி வந்தாள். “அக்கா, உங்களை மாதிரிப் பிழையில்லாமல், மரியாதையா எழுத ஒராள் வேணும். வெளிநாட்டிலை விடியேக்கைதான் எங்களுக்கு வியாபாரம். நாலரையிலை இருந்து ஏழரை மட்டும் வருவியளோ?”

வருவேன். வருவேன். ஆனால் நடுவில் ஆறு மணி இருக்கிறதே.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஐந்தே முக்காலுக்குக் கடையிலிருந்து சைக்கிளை மிதித்து வீடு, விளக்கு, வீடியோ, திரும்பவும் சைக்கிள். மூச்சு வாங்க வந்து பார்த்தால் பத்தொன்பது செய்திகள் பதிலில்லாமல் கிடக்கின்றன. நிவேதனா ஏசாமல் எனக்குக் கதிரையை இழுத்துவிட்டாள். அதுதான் கஷ்டம்.

கடையில் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது குருநகர் றொசாந்தி. இன்று நோர்வேயிலிருந்து ஒருவர் தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார். அவள் சேமக்காலைக்குப் போய்க் கொளுத்திப் படம் அனுப்பினாள். அந்த மனிசன் குரல் பதிவில் அழுதார். கேட்டு நானும் அழுதேன். இப்படி ஒரு வேலையை விட்டுவிட்டுப் போய் இனி எப்படி வீட்டில் குந்திக்கொண்டிருப்பது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செய்துவிட்டேன். சாமி அறை யன்னலைப் போர்வையால் மூடி, சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, காலையிலேயே ஏழு வீடியோ எடுத்தாயிற்று. திங்களுக்கு நந்தியாவட்டை, செவ்வாய்க்குச் செவ்வரத்தை, வெள்ளிக்குப் பட்டுச்சீலைத் தலைப்புத் தெரியக் கை. இனி ஆறு மணிக்குக் கடையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக அனுப்பலாம்.

முருகா, ஒரு நாளும் விளக்கில்லாமல் உன்னை விடமாட்டேன். வேலை முடிந்து வந்து உண்மையான விளக்கு ஏற்றுவேன். கோபிக்காதே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்னும் ஏழு எடுத்தேன். அண்ணை ஒவ்வொன்றுக்கும் கைகூப்பி அனுப்புகிறார். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

செப்ரெம்பர் 10, புதன்

எழுதி வெட்டி, வெட்டி எழுதுகிறேன்.

ஜெர்மனியில் சித்தப்பா செத்துப்போனார். ஐந்தரைக்கே குழுவில் போட்டிருக்கிறார்கள். காலை வணக்கங்களுக்குப் பயந்து அந்தக் குழுவின் சத்தத்தை நான் நிறுத்தி வைத்திருந்தேன். ஆறு மணிக்கு வழக்கம்போல அண்ணையின் பேரை மட்டும் திறந்து புதன்கிழமை விளக்கை அனுப்பிவிட்டு, என் போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டு, கடைப் போனில் வேலையைப் பார்த்தேன். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. துடக்கு எங்களுக்கு. முப்பத்தொரு நாள் சாமி அறையைத் திறக்கக்கூடாது, விளக்குத் தொடக்கூடாது. நான் பூவும் வைத்து, மணியும் அடித்து அனுப்பியிருக்கிறேன்!

ஏழரைக்குப் பார்த்தால் அண்ணையிடமிருந்து பதினொரு அழைப்பு. திரும்பவும் அடித்தது. எடுத்தேன்.

“உனக்கென்ன விசரே? சித்தப்பா செத்துக் கிடக்கிறார், நீ மணியடிக்கிறாய்!”

தெரியாமல் ஏற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணை அழத் தொடங்கிவிட்டார். ஐயரைக் கூப்பிட வேணும், பரிகாரம் செய்ய வேணும், பிள்ளையளுக்கு ஏதும் வந்தால் என்ன செய்யிறது என்று. அவரை அப்படிப் பயந்து கிடக்க விட எனக்கு மனம் வரவில்லை.

“அண்ணை, சாமி அறை இண்டைக்குத் திறக்கேல்லை. அது போன ஞாயிறு காலமை ஏத்தின விளக்கு.”

அழுகை நின்றது. பிறகு, “அப்ப நீ எங்கை நிண்டனி?”

“வேலையிலை.”

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியக் கமரா பூட்டுறன்” என்றார். வைத்துவிட்டார். எங்கே, என்ன வேலை என்று கேட்கவில்லை.

செப்ரெம்பர் 12, வெள்ளி

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஆறு மணி வந்ததும் உடம்பு தானாக எழும்புகிறது. எழும்பி எங்கே போவது? சாமி அறை பூட்டு.

அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு நாளைக்கு விளக்கே இல்லை! அண்ணை நினைத்தாலும் கேட்க முடியாது. சித்தப்பா, நீங்கள் என்னை ஒருக்கால் தூக்கி வைத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், நான் நாளைக்கு வேலைக்குப் போகிறேன்.

செப்ரெம்பர் 27, சனி

அண்ணை கதைப்பதில்லை. குழுவிலும் என் செய்திக்கு ஒருவரும் பதில் போடுவதில்லை. நீலமாகிறது, அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

அந்தியேட்டி. துடக்குக் கழிந்தது. வீடு முழுக்கக் கழுவி, சாமி அறை திறந்தேன். அண்ணி சாருஜா மட்டும் எழுதினா: ‘அவர் கமராக்காரரோடை கதைக்கிறார்.’ நாளைக்கு ஆறு மணிக்கு நான் எங்கே நிற்பேன்?

ஒக்ரோபர் 13, திங்கள்

கடையில்தான் நின்றேன், சனியும், ஞாயிறும், இன்றும். வந்து ஏழே முக்காலுக்குத்தான் விளக்கு. வீடியோ எடுக்கவில்லை. கமராக்காரர் வரவில்லை.

இன்று ஆறு மணிக்குக் கடைப் போனுக்கு ஒரு செய்தி. இலக்கத்தைத் திரும்பவும் பார்த்தேன். அண்ணை. இந்தப் பக்கத்தில் இருப்பது நான் என்று அவருக்குத் தெரியாது.

‘வணக்கம். நீங்கள் கல்லறைக்கு மெழுகுதிரியும் கொளுத்திக் குடுக்கிறதா முகநூலிலை பாத்தனான். கோப்பாயிலை எங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு விளக்கேத்த ஒராளை ஒழுங்கு செய்ய ஏலுமோ?’

போனை றொசாந்தியிடம் நீட்டப் போனேன். பிறகு நானே எழுதினேன்: ‘அன்புடையீர், வணக்கம். வீட்டில் ஒருவரும் இல்லையா?’

எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது.

‘தங்கச்சி இருக்கிறா. அவ அந்த நேரம் வேலைக்குப் போறா.’

இரண்டு தரம் வாசித்தேன். என்னைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்:

‘ஏழே முக்காலுக்கு என்றால் வீட்டிலேயே ஆள் உண்டு. வீடியோ மட்டும் அனுப்ப முடியாது. இங்ஙனம், ந. சுபாஜினி, கோப்பாய்.’

உடனே நீலமாயிற்று. அடுத்த ஒன்பது நிமிடத்தில் இரண்டு கேக் ஓடரை எழுதி எடுத்தேன், ஒன்றில் பேரைப் பிழையாக எழுதித் திருத்தினேன்.

பிறகு வந்தது. ‘சரி பிள்ளை. ஏழே முக்காலுக்கு ஏத்து.’