பழப்பட்டையின் பின்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் ஒரு முயலைப் பற்றிக் கூட்டம். பிள்ளைகளுக்காக எங்கள் கம்பெனி செய்யும் பழப்பட்டையின் உறையில் இருக்கும் முயல் இன்னும் ஆரோக்கியமாகத் தெரிய வேண்டுமாம். அந்த உறையில் ஆரோக்கியமாக வேறு எதுவும் இல்லாததால் யோசனை நியாயமானதே.

உறையின் சொற்களை எழுதுபவள் நான். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என் வரிதான். உண்மையும்கூட. திராட்சைச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி, பிசின்போல் இறுக்கிப் பட்டையாக வெட்டுகிறோம். பாதிக்கு மேல் சர்க்கரை. ஆனால் நாங்கள் சேர்க்கவில்லை. பழத்திலிருந்து அதுவாகவே நடந்து வந்தது.

பின்பக்கம், ‘ஒரு முறை உண்ணும் அளவு: அரைப் பட்டை’. அதை முடிவு செய்தது மேலாளரின் மகள். சுவைச் சோதனை நடந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். அரைப் பட்டைக்கு மேல் இறங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

முயலுக்குத் தசை வரைந்திருக்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அவளுடைய மழலையர் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. போன வருஷம் கேட்டாள்: “நீ அந்த வேலையிலயே இருக்க. பத்தரை மணிக்குப் பிள்ளைங்களுக்கு எதைக் குடுக்கலாம், சொல்லு.” நான் எங்கள் பட்டையைச் சொல்லவில்லை. அவளே கடையில் என் வரியைப் படித்துப் பெட்டி பெட்டியாக வாங்கினாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று சொன்னாள்: “வாயாடி இப்பல்லாம் பேசறதே இல்லடீ. பேசினாலும் கையால வாயை மூடிக்கிறா.”

அக்கா பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நாலு வயது. போன முறை பார்த்தபோது என் மூக்கு, என் செருப்பு, எனக்குக் கல்யாணம் ஆகாதது ஆகிய மூன்றையும் பற்றிக் கருத்துச் சொன்னவள்.

மார்ச் 11, புதன்

வாயாடிக்கு முன்பற்கள் நான்கும் சொத்தை. இரண்டைப் பிடுங்கியாகிவிட்டது.

அக்கா போனில் அழுதாள். “மிட்டாய் கிடையாது, கேக் கிடையாது, இந்தப் பட்டை மட்டுந்தான் குடுக்கறேன். எப்படி ஆச்சு? முன்னெல்லாம் சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வைப்பேன். சர்க்கரைதான் இல்லையேன்னு அதை நிறுத்திட்டு, அந்த நேரத்துல ஒரு பாட்டு சொல்லிக் குடுக்கறேன்.”

என்ன பாட்டு என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

மார்ச் 12, வியாழன்

ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு முழுப் பட்டையை மென்றேன். கடைவாயில் அப்பிக்கொண்டது. நாக்கால் நெம்பி, பிறகு விரலால் நோண்டினேன். நகத்தடியில் சிவப்பாக, எதையோ காயப்படுத்திவிட்டு வந்த மாதிரி.

மேலாளரிடம் போனேன். “‘சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கவும்’னு ஒரு வரி போடலாமா சார்? பல்லுல ஒட்டிக்குது.”

“எதுக்கும்மா? நாமளே தப்பை ஒத்துக்கிற மாதிரி இருக்கும்.” யோசித்தார். “பல்லுன்னு சொன்னீங்களே, அது நல்லா இருக்கு. கொஞ்சம் கால்சியம் தூவி, ‘பல்லின் தோழன்’னு போட்டா?”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதி.

எழுதிக் கொடுத்தேனா? கொடுத்தேன். ஆறு நிமிஷம் ஆனது. ச்சீ— என்ன ஜென்மம் நான்? கை கூசலையா? கூசலை. அதான் கேவலம்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவிடம் பாகைப் பற்றிச் சொன்னேன்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“எழுதினப்பவே.”

“நீ எழுதினதுன்னுதானடீ நான் பின்னாடி திருப்பிக்கூடப் பாக்கலை.”

கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியபோது வாசல் வரை வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

என் ராஜினாமாக் கடிதத்தைப் படித்துவிட்டு மேலாளர், நல்ல நடை என்றார். அக்கா இன்னும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி: “நாளைக்கு ஒன்பது மணிக்கு வா. காய் நறுக்க ஆள் இல்லை.”

ஏப்ரல் 6, திங்கள்

வெள்ளரிக்காய், வேகவைத்த கேரட். பத்தரைக்குத் தட்டுகளை வைத்தேன். பதினான்கு பேர் தொடவே இல்லை. ஒருவன் கேரட்டைக் காதில் வைத்து யாரிடமோ போன் பேசினான். இன்னொருத்தி வெள்ளரிக்காயை நக்கிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் தாராளமாக வைத்தாள்.

வாயாடி ஒரு கேரட் துண்டைக் கடைவாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் துப்பினாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“நல்லாவே இல்ல,” என்றாள், பொக்கை வாய் முழுவதும் தெரிய. “நீதான் சமைச்சியா?”

அக்கா வந்து என் கையில் இருந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு கொதி வேகணும்,” என்றாள், என் முகத்தைப் பார்த்து.