மலையைத் தள்ளுகிறவள்

2024 ஜனவரி 9

ஏலக்காய்க் கடையில் இன்று சரக்கு குறைவு. வெரசா வந்துவிட்டேன். ரஞ்சனி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ம்மா, ஆண்டு விழா நாடகத்துல நானும் அமுதாவும் இருக்கோம்!" அமுதவள்ளி, என்கூடக் கடையில் ஏலக்காய் தரம் பார்த்துப் பொறுக்கும் சந்திரவல்லியின் மகள். இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பு.

என்ன வேஷம் என்று கேட்டேன். வேஷம் இல்லையாம். செட்டுத் தள்ளுகிற வேலையாம். காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் வீட்டை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, மலையை மேடைக்குத் தள்ள வேண்டும். மூங்கில் சட்டத்தில் சாக்கைக் கட்டி வர்ணம் அடித்த மலை, அடியில் சக்கரம். "லைட்டு வர்றதுக்குள்ள நாங்க மறைஞ்சிரணும்மா. கறுப்பு டிரெஸ்தான் போடணும்." தட்டில் சோறு ஆறிப்போகிறது, இவள் வெறுங்கையால் மலையைத் தள்ளிக் காட்டுகிறாள்.

சிரித்தேன். ஆனாலும் — முகமே தெரியாத வேலைக்கா இவ்வளவு சந்தோஷம்?

ஜனவரி 21

தேவாரத்திலிருந்து நாத்தனார் சுப்புத்தாய் வந்திருந்தார். அவர்கள் வாழைத் தோட்டத்துக்குள் யானை புகுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நாடகமும் யானை வந்த ஊரின் கதைதான் என்று ரஞ்சனி ஆசையாகச் சொன்னாள். தன் வேலையையும் சொன்னாள்.

"மேடையிலயே தெரிய மாட்டாளா? அப்ப எதைப் பாக்க நாங்க பஸ்சு ஏறி வர்றது?"

ரஞ்சனிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்குத்தான் உறைத்தது.

ஜனவரி 23

பள்ளிக்கூடம் போனேன். ரஞ்சனியிடம் சொல்லவில்லை. நாடகம் போடுகிற தமிழ்ச்செல்வி டீச்சர், "அவளே கேட்டு வாங்கின வேலைங்க. ரெண்டு பேரும் நல்லா செய்றாங்க" என்றார்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன டீச்சர் தெரியும்? ஒரு வசனமாவது குடுங்க."

கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

ஜனவரி 24

"நீ போய்க் கேட்டியாம்மா?"

ஊர்ப் பெண்களில் ஒருத்தியாகப் போட்டிருக்கிறார்களாம். குடத்தோடு வந்து, "யானை இறங்குது, ஓடியாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அமுதாகூட யாரு தள்ளுவா?"

"வேற பிள்ளையப் போடுவாங்க."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பழகினால் சரியாகிவிடும்.

பிப்ரவரி 8

என் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டுப் பார்த்தேன். அழகாக இருக்கிறாள். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 10

நேற்று எழுத முடியவில்லை.

நாத்தனாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது. மலை வந்தது — தடதடவென்று. புதிதாகப் போட்ட பிள்ளை பயத்தில் வேகமாகத் தள்ளிவிட்டாள் போல. மேல்முனை திரையில் மாட்டி, சட்டம் சாய்ந்தது. விளக்கு வந்தபோது மலை குப்புறக் கிடந்தது. சனம் சிரித்தது. அந்தச் சத்தத்தில், அடியில் ஒரு பிள்ளை கிடப்பது யாருக்கும் தெரியவில்லை.

ரஞ்சனி குடத்தோடு வந்தாள். பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு, "அமுதா!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினாள். சேலை காலில் சிக்கி விழுந்தாள். எழுந்து மறுபடியும் தூக்கினாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, வசனத்தைச் சொல்லாம ஓடிட்டாளே! — இதுதான். நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து. அங்க ஒரு பிள்ளை வலியில கத்துது, நான் என்ன நெனச்சிருக்கேன் பாரு.

அமுதாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12

கடையில் சந்திரவல்லி மேசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் போனேன். "ஒன்னும் சொல்லாத அக்கா. இப்ப ஒன்னும் சொல்லாத" என்றாள்.

பிப்ரவரி 19

ரஞ்சனியின் அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தார். போடிமெட்டில் ஒரே பனியாம். ரஞ்சனி இல்லாதபோது சொன்னார்: "பிள்ள சந்தோசமா வந்து உங்கிட்ட சொன்னா. நீ அதை ஊருக்குக் காட்டப் பாத்த."

அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்தேன்.

மார்ச் 4

ரஞ்சனிதான் தினமும் அமுதாவின் பையையும் தூக்கிப் போகிறாள், நோட்டும் எழுதிக் கொடுக்கிறாள். தலை பின்னும்போது சொன்னேன், "அம்மா போய்க் கேட்டது தப்புத்தாண்டி." பின்பக்கமிருந்து முகம் தெரியவில்லை.

"போகட்டும்மா. வெரசா பின்னு, நேரமாச்சு."

அவள் கத்தியிருக்கலாம். அழுதிருக்கலாம்.

ஜூன் 16

பத்தாம் வகுப்பு. புதுப் புத்தகம், புது டீச்சர். எல்லாவற்றையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். முன்னே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாய் ஓயாது. இப்போது "ம்" என்கிறாள், "ஆமா" என்கிறாள். மரியாதைக்குக் குறைவில்லை.

அக்டோபர் 27

சந்திரவல்லி இன்று டீ வாங்கிக் கொடுத்தாள். பழையபடி பேசுகிறாள். எனக்குத்தான் அவள் முகத்தை நேரே பார்க்க வரவில்லை.

2025 ஜனவரி 20

ரஞ்சனிக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸாம். இருட்டிவிடுகிறது. பரீட்சை வருஷம், நல்லதுதான்.

பிப்ரவரி 6

"நாளைக்கு ஆண்டு விழாவுக்கு வெள்ளனப் போயிருவோம் அக்கா. நம்ம பிள்ளைக ரெண்டு பேருந்தான செட்டுத் தள்ளுறாளுக" என்றாள் சந்திரவல்லி. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ரஞ்சனி சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா. மறந்துட்டேன்."

கையில் இருந்த காய்களைத் திரும்பத் திரும்பப் பொறுக்கினேன். ஸ்பெஷல் கிளாஸ்!

பிப்ரவரி 7

போனேன். சந்திரவல்லி முன்னால் இடம் போட்டிருந்தாள். நான் அங்கே போய் உட்காரவில்லை. கடைசியில், வாசல் பக்கம் நின்றுகொண்டேன்.

காட்சி முடிந்து விளக்கு அணைந்தால் எல்லாரும் பேச ஆரம்பிக்கிறார்கள், போனை எடுக்கிறார்கள். யாரும் மேடையைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். கறுப்புக்குள் கறுப்பாக இரண்டு பேர். ஒருத்தி கையைத் தூக்கினாள், மற்றவள் குனிந்தாள். சத்தமே இல்லை. விளக்கு வந்தபோது வீடு நின்ற இடத்தில் சோளக்காடு. ஒருதரம் விளக்கு கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. ரஞ்சனி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அமுதாவை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியதைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

அவள் என்னைப் பார்க்குமுன் கிளம்பிவிட்டேன். வந்து தோசை சுட்டேன். அவள் வந்தாள். முழங்கையில் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது.

"கிளாஸ் நல்லா நடந்துச்சா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "நடந்துச்சும்மா."

"சரி. சூடா இருக்கு, உக்காரு."