சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கும் மழை விட்டதிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எனக்கு வேறென்ன வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்கு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார், ஒற்றை அறையில் நான் எங்கே போய் ரகசியம் பேசுவது. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும், எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை படித்துவிடு. மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, நம் வீட்டுக் கூத்து நம்மோடு இருக்கட்டும்.

முலுண்ட் பிரேமலதா சித்தி புது பிளாட்டுக்குப் போய்விட்டாள், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, தண்ணீர்தான் காலையில் ஒருமுறை வருவதோடு சரி. இதற்கு நம் தாராவியே தேவலை என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து பேச்சு இல்லை. என் வாய் அப்படி. சரி, சுற்றி வளைக்காமல் உன் தம்பி ராஜபாண்டி விஷயத்துக்கு வருகிறேன். குர்லாவில் அவன் வேலை பார்க்கிற சர்வீஸ் சென்டரில் ஒரு பழைய மாருதியை வாங்கித் தானே சரிபண்ணி வைத்திருக்கிறான் அல்லவா, அதில் ஆட்டோகிராஸ் என்று ஒன்றுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். அதற்குத்தான் நீ ஹெல்மெட் வாங்கி அனுப்பினாய். நான் முதலில் ரோட்டில் ரேஸ் விடுகிறானோ என்று பயந்து இரண்டு நாள் சோறு போடாமல் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ராஜபாண்டியே என்னையும் அப்பாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனான். சான்பாடா தாண்டி ஒரு பெரிய சிமெண்ட் மைதானம், ரோட்டு வேலைக்கு வைப்பார்களே சிவப்புக் கோன், அதை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான், வாட்சில் நேரம் பார்ப்பார்கள், சீக்கிரம் ஓட்டி முடிக்க வேண்டும், கோனைத் தட்டினால் நேரம் கூடும், அவ்வளவுதான். லைசென்சும் ஹெல்மெட்டும் இருந்தால் தினம் ஆபீஸுக்கு ஓட்டுகிற வண்டியிலேயே யாரும் சேரலாமாம். ஓட்டும் முன் அந்தப் பாதையைக் காலால் நடந்து பார்க்கிறார்கள், நானும் அவன் கூட நடந்தேன். கோனைப் பார்த்தா வண்டி கோனுக்குத்தான் போகும்மா, போக வேண்டிய இடத்தைப் பார்க்கணும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டி உள்ளே போகும் முன் நாணு என்று ஒரு பாலக்காட்டுப் பையன், செம்பூரில் இருக்கிறவனாம், ஒவ்வொரு வண்டியாகச் சோதிக்கிறான். பேட்டரி இறுக்கமா, பெல்ட் சரியா என்று பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டாமல் கிடக்கிற எதுவும் இருக்கக்கூடாது என்று கால்மிதியிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை எடுக்கச் சொன்னான். டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரும் இசக்கியம்மன் படமும்கூட வெளியே வந்துவிட்டன. சாமி கோவிச்சுக்க மாட்டார் சேச்சி, ஆனா பிரேக் போடும்போது பறந்து வந்து மூஞ்சில அடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் எல்லாச் சாமியையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலி ஓரம் நின்றேன். அப்பாவுக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. சாமிய எறக்கி வச்சிட்டு வண்டிய ஓட்டச் சொல்லுதான், இவன்லாம் வெளங்குவானா என்று முணுமுணுத்தார். டெம்போ ஓட்டின காலம் முழுக்க எலுமிச்சம்பழம் இல்லாமல் சாவியைத் திருகாத மனிதர் அல்லவா. நாணு அடுத்த வண்டிக்குப் போனதும், வேட்டி மடிப்பில் வைத்திருந்த பழத்தை எடுத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் பார்த்தேன். அப்போது எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

முதல் முக்கால் பாதை ராஜபாண்டி அழகாக ஓட்டினான். கடைசியில் வண்டியை நிறுத்துகிற இடம் என்று கோன்களால் ஒரு பெட்டி போல வைத்திருந்தார்கள், அங்கே வண்டி நிற்கவில்லை கலா. கோனையெல்லாம் வாரிக்கொண்டு நேராக நாங்கள் நின்ற வேலியைப் பார்த்து வந்தது. வேலிக்குக் கைதொடும் தூரத்தில் நின்றது. இறங்கி வந்தவன், பிரேக் பெடல் பாதிக்கு மேல இறங்கலம்மா என்றான், உதடு வெளுத்திருந்தது. அதற்குள் அப்பா ஓடிப்போய்க் குனிந்து பெடலுக்குக் கீழே கையை விட்டு அந்தப் பழத்தை எடுத்தார். சப்பையாக நசுங்கி, சாறெல்லாம் வடிந்திருந்தது. முன்னால் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டியிருக்கிறது, வேறென்ன. அது நசுங்கின பிறகுதான் பிரேக் பிடித்திருக்கிறது. ஆனால் உன் அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாத்தியாட்டி வடிவு, பிள்ளைக்கு வந்தத பழம் வாங்கிக்கிட்டுது என்று என்னிடம் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். நாணு வந்து கேட்டபோது ராஜபாண்டி, கால் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், அது காப்பாற்றவில்லை, அதுதான் காவு கேட்டது என்று. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதை நான் தாங்கிக்கொள்வேன். அவனாவது புரிந்துகொள்வான் என்று நினைத்தேன், தினமும் பிரேக்கைக் கழற்றி மாட்டுகிறவன் அல்லவா. அவனோ, டென்ஷன் மத் லோ மா, கவலப்படாத, ரெண்டும் சரியா இருக்கலாம், உருண்டும் வந்திருக்கலாம், காப்பாத்தியும் இருக்கலாம் என்கிறான். அந்த நசுங்கின தோலைக் காயவைத்து, நீ அனுப்பின ஹெல்மெட்டின் பஞ்சுக்குள் செருகி வைத்திருக்கிறான்.

இப்போது இந்த வாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் நிஜமான ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறான், டிராக் டே என்கிறார்கள். பந்தயம் இல்லை, புதியவர்கள் பழகத்தான், ஆனால் கோன் மைதானத்தில் ஓட்டுவதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகம், கூடவே மற்ற வண்டிகளும் ஓடும். வியாழக்கிழமை அப்பாவும் அவனும் கிளம்புகிறார்கள். அப்பா ஊரிலிருந்து வருகிற ஆளிடம் சொல்லி இசக்கியம்மன் மடியில் வைத்த பழம் வரவழைத்திருக்கிறார். வண்டியில் எங்கே வைப்பார் என்று கேட்டால், சொன்னா பலிக்காது என்று வாயை மூடிக்கொள்கிறார். ராஜபாண்டி கேட்காத மாதிரி போனைப் பார்க்கிறான். நாணுவிடம் சொல்லிவிடலாம் என்றால், சொன்னால் இனி எங்கும் சேர்க்கமாட்டார்கள் என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான் படுபாவி. பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை நான் எப்படி மீறுவேன், அவனுக்கு ஒன்று ஆனால்? உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஓட்டாதே என்று நீ சொல்ல வேண்டாம், அவனுக்கு அதில் அத்தனை சந்தோஷம், அதைக் கெடுக்க எனக்கும் ஆசையில்லை. வண்டிக்குள் எதுவும் இல்லாமல் ஓட்டு என்று மட்டும் சொல். அப்பாவுக்குப் போன் அடிக்காதே, அவர் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒளித்த இடத்தை மாற்றிவிடுவார். பகலில் குர்லாவில் வேலையில் இருக்கும்போது நேரே தம்பிக்கு அடி. அக்கா சொன்னால் அவன் கேட்பான், சின்னதிலிருந்தே அப்படித்தான். நீயும் நைட் ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு டம்ளர் பாலாவது குடி. அம்மன் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், மடி நிறையட்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
சண்முகவடிவு

பி.கு.: போட்டோ எடுத்து அனுப்புவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அப்பா கடைக்குப் போன நேரம் நைன்டி ஃபீட் ரோட்டில் நிற்கிற வண்டியைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன், சிவப்புத் துணியில் சுற்றின பழம் கிடைத்தது. சாமி பழத்தைக் குப்பையில் போட மனம் வராமல் மத்தியானம் ரசத்தில் பிழிந்துவிட்டேன். நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது, நீ போன் பண்ண வேண்டாம் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்பா இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், போனா போட்டும்ட்டி, கோயில்ல கொடுத்தது மூணுல்லா என்றார். கலா, உடனே தம்பிக்குப் போன் பண்ணு.