பகலில் தொண்ணூற்றிரண்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் குழந்தைகளும் சுகமா? என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை மாதமாகிறது. வீட்டில் பேச்சுத்துணைகூட இல்லை.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. அவர் வேலை பார்த்த இரும்பு வார்ப்படப் பட்டறையின் டாக்டராக மூன்று வருடமும் அவரைப் பரிசோதித்தது நீதான். பகலெல்லாம் நடமாடிய மனுஷன் தூக்கத்தில் எப்படிப் போனார்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் வேண்டாம், அழுதுவிடுவேன்.

அன்புத் தங்கை

மார்ச் 11

செல்லத் தங்கச்சிக்கு,

உன்மேல் தப்பே இல்லை, அதை முதலில் மனதில் போடு.

தூங்கினால் யாருக்குமே மூச்சின் ஆழம் குறையும். கனவு வரும் நேரத்தில் கழுத்துத் தசையும் விலாத் தசையும் தளர்ந்துவிடும். நெஞ்சுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் மட்டும் தனியாக இழுக்கும். நல்ல நுரையீரல் தாங்கும். மாப்பிள்ளையுடையது வருடக்கணக்காகப் பட்டறை மணல் தூசியில் கெட்டது. விழித்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுதான். தூங்கியதும் மளமளவென்று எழுபதுக்கு இறங்கும். விடியும்வரை இதயம் திணறும்.

"காலையில தலை பிளக்குது மச்சான்" என்று அவர் சொன்னபோதே ராத்திரியில் ஆக்சிஜன் இறங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தூக்கத்தில் அளந்து பார்த்திருந்தால் அவரைப் பட்டறையைவிட்டு மாற்றச் சொல்ல வேண்டி வந்திருக்கும், அதனால் அளக்கவில்லை. நிர்வாகம் என்னைச் சும்மா விட்டிருக்காது. இது நமக்குள்ளேயே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

ஏப்ரல் 20

டாக்டருக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. "புகாரை வாபஸ் வாங்கு, அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள், என் பிழைப்பே போய்விடும்" என்கிறீர்கள். வாங்க மாட்டேன்.

பிப்ரவரியிலேயே உங்கள்மேல் புகார் கொடுக்க மருத்துவக் கவுன்சிலுக்குப் போனேன். "பகல் அளவு பரவாயில்லாமத்தான் இருக்கும்மா. டாக்டருக்கு உள்ளுக்குள்ள தெரியும்னு எப்படி நிரூபிப்பீங்க?" என்று சிரித்தார் குமாஸ்தா. அதன் பிறகுதான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். தூக்கத்தில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்பதை நூலகத்துப் புத்தகத்திலேயே படித்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது உங்கள் கையெழுத்து.

"வேலைக்குத் தகுதி" என்று நீங்கள் கொடுத்த மூன்று சான்றிதழ்களோடு உங்கள் மார்ச் கடிதத்தையும் வைத்துக் கொடுத்தேன். குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். "உட்காருங்கம்மா" என்றார்.

விசாரணை வியாழக்கிழமை. அம்மாவை நானே கூட்டி வருகிறேன். நீங்கள் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார்களாம். அவளும் காதால் கேட்கட்டும்.

இறந்தவரின் மனைவி