காட்டிலிருந்து ஒருவர்

டோர்ட்மண்ட்,
சனிக்கிழமை காலை.

அன்புத் தம்பி தாரகன்,

நீ கண் விழித்துவிட்டாய், ஆனால் யாரோடும் கதைக்கிறாயில்லை என்று உன்னைக் கண்டெடுத்த தன்னார்வலர் அக்னியெஷ்கா சொன்னார். அதனால் எழுதுகிறேன். அவர் இதை அச்செடுத்து உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுவருவார். அப்பாவும் நானும் நாளை போலந்துக்குப் புறப்படுகிறோம்.

வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். காட்டைக் குறிக்கும் ஆதி ஸ்லாவியச் சொல், லேசு. அதை எழுதிவைத்தவர் எவருமில்லை. போலிஷ், செக், ரஷ்யச் சொற்களை ஒப்பிட்டு மீட்டெடுத்தது. அதனால் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவோம். ஆண்பால். கடைசி உகரம் நமது குற்றியலுகரம்போலக் குறுகி, பிறகு மறைந்தே போனது. எந்த வேரிலிருந்து வந்ததென்று இன்னும் உறுதியில்லை. அதைச் சொல்லும்போதுதான் அக்னியெஷ்காவின் அழைப்பு வந்தது.

உன் சட்டைப்பையில் என் இலக்கம் இருந்ததாம். பதற்றத்தில் போலிஷில் கொட்டினார். இரண்டு பேராம்; ஒருவர் 'ஸ் லாசு', மற்றவர் 'வ் லெஷெ'. நமது காடு 'காட்டில்' என்று உருமாறுவதுபோல, அவர்களின் லாஸ் வேற்றுமை ஏற்றால் லெஷெ ஆகும். ஒருவர் காட்டிலிருந்து வந்துவிட்டார். மற்றவர் காட்டில். நாலு வருடம் படித்த இலக்கணத்துக்கு அன்றைக்குத்தான் பயந்தேன். எவர் எது என்று கேட்டேன்.

நீதான் வந்தது என்று தெரிந்ததும் நடைபாதையில் நின்று சிரித்தேன். பிறகுதான் உன்னோடு எல்லை கடக்கப் புறப்பட்ட மதீசனின் முகம் வந்தது. அந்தச் சிரிப்பை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

அவனுடைய அம்மா, யோகம் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து இன்று விடிந்ததிலிருந்து மணிக்கொருதரம் அழைக்கிறார். "பிள்ளை, அவன் சாப்பிட்டவனோ? என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ" என்கிறார். "ஓம் மாமி, நித்திரை கொள்ளுறான்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். மூன்றாம் தரம் சொல்ல ஏலாது. நேற்று அங்கே பனி கொட்டியிருக்கிறது. தேடுபவர்கள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறார்கள்.

அவனை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று எவரும் கேட்கமாட்டோம். அவனால் நடக்க முடியாமல் போயிருக்கும். நீ உதவி தேடித்தான் வந்திருப்பாய். கடைசியாக அவனோடு இருந்த இடத்தில் என்ன கண்டாய்? ஓடையா, விழுந்த மரமா, வேலியா? வாய் திறக்க முடியாவிட்டால் இந்தத் தாளின் பின்பக்கத்தில் படமாகக் கீறு. அக்னியெஷ்கா பென்சிலோடு பக்கத்தில் இருப்பார்.

கடவுள் உன் கைக்குப் பலம் தரட்டும், தம்பி. இருட்டுவதற்கு முன் கீறு.

உன் அக்கா,
தேனுஜா