மவுண்டன் சைக்கிளுக்கு ஒரு கெரியர்

மச்சாள்,

இன்று பின்னேரம் வவுனியாவில் ஒரு வெல்டிங் கடை வாசலில் நின்றேன். இரும்பு கருகும் அந்த மணம் மூக்கில் ஏறியதும் உம்மேல் இருக்கிற கோபம் முழுக்கத் திரும்பி வந்தது. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாதாம். எனக்கு அது சரிவருவதில்லை. இத்தனை வருடமாக மனதுக்குள் உம்மோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சமாதானக் காலத்தில் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. நான் குந்தியிருந்து அழுதேன். நீர் அலவாங்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனீர். இடம்பெயர்ந்தபோது ஊரெல்லாம் தையல் மெசினையும் குத்துவிளக்கையும் புதைக்க, உம்முடைய அண்ணா, என் மனுசன், தன் மவுண்டன் சைக்கிளைப் புதைத்தார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. பிறகு கிபிர் விமானம் குண்டடித்ததில் என் மனுசன் போய்விட்டார். புதைத்த இடம் உமக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அரைகுறையாக. அடையாளம் வைத்த பலாமரம் செல் குண்டு விழுந்து வேரோடு போயிருந்தது.

மிதிவெடி எடுக்கிறவர்கள் அப்போது எங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கவில்லை. நீர் அலவாங்கால் நிலத்தைக் குத்தக் குத்த, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று, உமக்கு என்ன விசரா என்று கத்தினேன். "விசர்தான். பிள்ளையைக் கொண்டு தள்ளிப் போம்" என்றீர், நிமிர்ந்தும் பார்க்காமல். செத்துப்போன அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு கண்ட கண்ட இடமெல்லாம் தோண்டினீர். கடைசியில் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, யூரியாப் பையால் கட்டின அந்தப் பொதி வெளியே வந்தபோதுதான் உம்முடைய கண்ணிலும் தண்ணீரைக் கண்டேன்.

ரயர் இரண்டும் உக்கிப் போயிருந்தன. பாதை திறந்திருந்தபடியால் வவுனியாவில் தேடி, அதே மாதிரி அகலமான மொத்த ரயர் வாங்கி வந்தீர். எருமைக்குச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கிறதென்று நான் சிரித்தேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டீர். கியர் மட்டும் இறுகிப்போய் அசைய மறுத்தது. சுத்தியலால் அடித்தீர், திட்டினீர், பிறகு தேங்காயெண்ணெய் விட்டுக் கெஞ்சினீர். இந்த ஊரில் ஒரு மேடுகூட இல்லை, கியர் எதற்கு என்று கேட்டேன். "ஏலாமல் போற நேரத்துக்குத்தான் கியர். இப்ப உமக்கு விளங்காது" என்றீர். மோட்டார் சைக்கிளின் கிளச் வயரை வெட்டிப் பூட்டி, அது கடகடவென்று மாறிய அன்று ஒழுங்கை முழுக்க ஓடிக் காட்டினீர்.

ஆனால் அதோடு விட்டீரா? கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், பழைய சைக்கிளொன்றில் ஆள் இருக்கிற மொத்தக் கம்பிக் கெரியரை அதன் பின்சில்லுக்கு மேல் வெல்டிங் பிடித்துக்கொண்டு வந்தீர். கோட்டுப் போட்டவனின் தலையில் பனையோலைக் கடகம் வைத்த மாதிரி இருந்தது. அவர் கண்போல வைத்திருந்த சைக்கிளை இப்படிச் செய்யலாமா என்று சண்டைக்கு வந்தேன். நீர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"கெரியர் இல்லாட்டி ரோட்டில நிக்கிற சனத்துக்கு இல்லையெண்டு சொல்ல ஒரு சாட்டுக் கிடைச்சிடும் மச்சாள்."

எங்கள் பக்கத்தில் கெரியரை வெறுமையாக விட்டுக்கொண்டு, கை காட்டுகிற ஆளைத் தாண்டி எவரும் போவதில்லை. உம்முடைய கெரியர் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. கிளினிக்குக்குப் போகிற பெண்கள், நெல்மூட்டை, காய்ச்சல்காரர் எல்லாரும் ஏறினார்கள். ஒருமுறை, பெண்சாதியைத் தெருவில் போட்டு அடித்த குடிகாரனைக் காற்றடிக்கிற சைக்கிள் பம்மால் விளாசிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு வந்தீர். உம்முடைய இரக்கத்துக்கும் கை நீளம்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்க, எல்லாரையும் போல ஓடினோம். கடற்கரை மணலுக்கு வந்தபோது மற்றவர்களின் சைக்கிள்கள் புதைந்து நின்றன. எருமைச் செருப்புப் போட்ட எங்கள் சைக்கிள் மட்டும் மணலில் உருண்டது. பொதிகளை ஒவ்வொன்றாக எறிந்து வந்ததில் கடைசியில் கெரியரில் ஒன்றும் இல்லை. அன்று செல் துண்டு பட்டுப் பிள்ளையின் தொடை பிளந்தது. என் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். பின்னால் இருத்தினால் விழுந்துவிடுவாள் என்று சைக்கிள் பாரில் இருத்தி, நான் அணைத்துப் பிடிக்க நீர் தள்ளினீர். கட்டுக்குள்ளால் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்து கட்டுகிற கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பிள்ளை தப்பும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் யாரோ ஒரு மனிதன் பின்னால் வந்து கெரியரைப் பிடித்து இழுத்தான். சைக்கிள் சரிந்தது, பிள்ளை வீரிட்டாள். நீர் பம்மை உருவி அவன் முகத்தில் அடித்தீர். வாய் கிழிந்து இரத்தம் வழிந்தது. பிறகும் அடித்தீர். அவன் கையை எடுக்கவில்லை.

"அடியுங்கோ அக்கா. அடிச்சுப்போட்டு என்ர மனுசியை ஏத்துங்கோ" என்றான்.

அவள் மணலில் கிடந்தாள், வயிற்றைத் துவாயால் பொத்திக்கொண்டு. நிற்க வேண்டாம், நின்றால் என் பிள்ளை செத்துப்போகும் என்று உம்முடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீர் பம்மைக் கீழே போட்டீர்.

"கெரியர் வெறுமையாத்தானே கிடக்கு" என்றீர்.

அவளை ஏற்றினீர். ஹாண்டிலை என்னிடம் தந்துவிட்டு, அவள் சாயாமல் முதுகைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தீர். கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை. செல் எங்களுக்குப் பின்னால் விழுந்தது. சைக்கிள் ஒருமுறை குலுங்கியது. உம்முடைய சத்தமே இல்லை. "திரும்பாதேங்கோ அக்கா, தள்ளுங்கோ" என்று எனக்குப் பக்கத்தில் வந்த அவன் கத்தினான். ஹாண்டிலை விட்டால் பிள்ளை விழுந்துவிடும். தள்ளினேன்.

பிள்ளை தப்பிவிட்டாள். அந்தப் பெண் கூடாரத்துக்குள் போகவும் இல்லை, வாசலிலேயே முடிந்துவிட்டாள். வீங்கின முகத்தோடு அவன்தான் திரும்பிப் போய் உம்மைத் தூக்கி வந்து, மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்தான். முதலில் உமக்கு, பிறகு அவளுக்கு. நான் சைக்கிளை உமக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு வந்தேன்.

யாரென்றே தெரியாத, தப்பவும் மாட்டாத ஒருத்திக்காகப் போனீரே மச்சாள். நீர் பின்னால் வந்திராவிட்டால் அந்தத் துண்டுகள் பிள்ளையில்தான் பட்டிருக்கும் என்று அவன் சொன்னான். நில்லாமல் போயிருந்தால் எவருக்கும் பட்டிருக்காது என்று நான் சொல்கிறேன். இன்றுவரை இதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறாள். அந்தக் காலுக்குப் பலம் குறைவு. கியர் இருந்தால்தான் மிதிக்கலாம் என்று, பழைய மவுண்டன் சைக்கிளொன்றை வாங்கித் தானே கழுவிப் பூட்டினாள். நேற்று முடித்துவிட்டு அழகு பார்த்தாள். இன்று நான் அதை வெல்டிங் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கெரியர் வைத்தால் வடிவு கெட்டுவிடும் என்றான் கடைக்காரன். ஒரு ஆள் இருக்கக்கூடிய மாதிரிப் பலமாக வை என்றேன்.

பிள்ளை வேலை முடிந்து கடைக்கே வந்து பார்த்தாள். "ஏறுங்கோ அம்மா" என்றாள். கம்பியில் சூடு இன்னும் ஆறவில்லை, சேலைக்குள்ளால் சுட்டது. நான் இறங்கவில்லை. அவள் கியரைக் குறைத்துவிட்டு மிதித்தாள்.